வாங்க முடியாத சிற்பங்களை முதலில் பார்ப்போம்: மலம்புழா முதல் கொச்சி வரை ஒரு பருவம்

கொழிஞ்சாம்பாறைக்காரர் எழுதியது:

மார்கழிக் குளிர் இறங்கியதிலிருந்து பங்குனி வெயில் ஏறும் வரை கண்காட்சி, சிற்பத் தோட்டம் என்று சுற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். ஓவியங்கள் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். இந்தப் பருவத்தில் ஒரு வெண்கலச் சிற்பம் வாங்கலாம் என்று பணம் ஒதுக்கினேன். ஆனால் சிற்பம் விற்கும் காலரிப் பக்கம் போகும் முன், யாராலும் விலைக்கு வாங்க முடியாத சிற்பங்களைத்தான் பார்ப்பது என்று தீர்மானித்துக்கொண்டேன். அது சரியான வழி என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று சொல்லி, மற்றவர்கள் அனுபவத்தையும் கேட்கத்தான் இந்த இழை.

காலரியில் கையில் விலைப்பட்டியலைக் கொடுத்துவிடுகிறார்கள். எதில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கிறது, எது இன்னும் விற்காமல் இருக்கிறது என்றுதான் கண் முதலில் தேடும். சிற்பம் அதற்குப் பிறகுதான். மலம்புழா அணைத் தோட்டத்தில் யட்சிச் சிலைக்கு முன்னால் நிற்கும்போது அந்தத் தொல்லை கிடையாது. உடைமையாக்க முடியாது என்று தெரிந்ததும் மனம் பார்க்க மட்டுமே ஆரம்பிக்கிறது.

எங்கள் ஊரிலிருந்து மலம்புழா பக்கம்தான். அணையை 1955இல் திறந்து வைத்தவர் காமராஜர். அப்போது பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டம். அடுத்த ஆண்டு கேரளம் பிறந்தது. 1969இல் அந்த அணைத் தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் யட்சியை எழுப்பினார். காசர்கோட்டுப் பக்கத்துக்காரர், சென்னைக் கலைக் கல்லூரியில் படித்து, லண்டன் ஸ்லேடு பள்ளிக்குப் போய்த் திரும்பியிருந்தவர். ஏறத்தாழ 30 அடி உயரம், சிமெண்ட் கான்கிரீட். கால்களை அகல விரித்து உட்கார்ந்து, இரு கைகளையும் கூந்தலுக்கு உயர்த்தி, அரைக்கண் மூடி மேல்நோக்கி இருக்கும் நிர்வாணப் பெண்ணுரு. அன்றைக்குக் கடும் எதிர்ப்பு வந்தது. சிற்பம் அசையவில்லை.

வருகிறவர்கள் எதிரே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். முழுச் சுற்றும் நடந்து பாருங்கள். அடியில் போனால் முகம் கிட்டத்தட்ட மறைந்து முழங்கால்கள்தான் மலையாக நிற்கும். தள்ளிப் போனால் முழங்கால் சுருங்கி, உயர்ந்த முழங்கைகளும் பின்னாலிருக்கும் மேற்குத்தொடர்ச்சி மலையும் ஒன்றாகச் சேரும். எத்தனை அடி தூரத்தில் நின்றால் உருவம் முழுமையாகிறது, எந்தப் பக்கத்தில் அது பலவீனமாகிறது, பின்புறத்தைச் சிற்பி எப்படி முடித்திருக்கிறார் என்பதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தச் சுற்றுதான். ஒன்றரை அடி உயர வெண்கலத்துக்கு முன்னாலும் இதே கேள்விகள்தான். பெரிய உருவத்தில் பழகிய கண்ணுக்குச் சின்னதில் சட்டென்று பிடிபடுகிறது.

உங்கள் பருவம் எப்படிப் போயிற்று?

---

நெம்மாறை டீச்சர்:

நல்ல இழை, அண்ணா. பிள்ளைகளை மலம்புழாவுக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் யட்சிகிட்ட வந்ததும் கூட வர்ற பெற்றோர் சிலர் வேகமா நடக்க ஆரம்பிச்சிடுவாங்க. நான் நிறுத்திடுவேன். "கை எங்க இருக்கு, தலை எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, நீங்களும் அப்படி உட்கார்ந்து பாருங்க"ன்னு சொல்வேன். தரையில உட்கார்ந்து கையைத் தூக்கினதும் முதுகு தானா நிமிரும். அப்பதான் அந்த உருவத்தோட பலம் எங்கேயிருந்து வருதுன்னு அவங்களுக்கே புரியும். அதுக்கப்புறம் ஒரு பிள்ளை கூடச் சிரிச்சதில்ல.

அதே மலம்புழாவுல நேக் சந்த் அமைச்ச பாறைத் தோட்டத்தை விட்டுடாதீங்க. சண்டீகர் பாறைத் தோட்டத்தை உண்டாக்கினவர் அவர்தான். உடைஞ்ச ஓடு, வளையல் துண்டு, வேண்டாம்னு போட்ட பொருள்களாலேயே செஞ்சது. என் பிள்ளைகளுக்கு யட்சியை விட அதுதான் பிடிக்கும்; வீட்டுக்குப் போய் அவங்களே ஏதாவது செய்யத் தொடங்குறாங்க. சேகரிப்பாளருக்கு அது என்ன சொல்லித்தருதுன்னு நீங்கதான் சொல்லணும்.

---

வாளையார் தாண்டி:

டீச்சரம்மா சொன்னதோடு முழுதாக உடன்படுகிறேன். இழையைத் தொடங்கிய ஐயாவோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன்.

சுற்றி நடந்து பார்ப்பதையும் பின்புறத்தையும் பொதுவான அளவுகோலாக வைப்பது சரியில்லை. நான் இந்தப் பருவத்தில் சென்னைப் பக்கம் போய் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்தில் நிறைய நேரம் செலவழித்தேன். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய ஓவியர் கிராமம். (பணிக்கர் 1911இல் பிறந்தது கோயம்புத்தூரில், எல்லைப் பக்கத்துக்காரர்கள் நாம் அவரைக் கொண்டாடுவது போதாது.) கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அந்த வருமானத்தில் தங்கள் கலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அங்கே திறந்தவெளியில் கல்லும் உலோகமும் மரத்தடியில் நிற்கின்றன. உள்ளே சென்னை இயக்கம் என்ற நவீனக் கலை இயக்கத்தின் படைப்புகளுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது.

அந்தக் கிராமத்துச் சிற்பி பி.வி. ஜானகிராமின் செப்புத்தகட்டு வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டைத் தட்டி, வளைத்து, மேலே கம்பியை ஒட்டிச் செய்தவை. பணிக்கரின் மகன் நந்தகோபாலின் வேலைகள் செம்பும் பித்தளையும் பற்றவைத்துச் செய்தவை. இரண்டு பேருமே முன்முகச் சிற்பத்தைத்தான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள். மூலவருக்குச் சாத்தும் கவசத்தையும் உற்சவர் பின்னால் நிற்கும் திருவாசியையும் பார்த்து வளர்ந்த கண் அவர்களுடையது. நேரே நின்று பார்ப்பதற்கென்று செய்ததைப் பின்னால் போய் "முடிக்கவில்லையே" என்றால் அது அந்த மரபையே தவறவிடுவதாகும். நந்தகோபால் ஒன்று கைக்கு எட்டும் விலையில் வந்தால், பின்புறம் வெறுமையாக இருக்கிறது என்று விட்டுவிடுவீர்களா?

---

கொழிஞ்சாம்பாறைக்காரர்:

விடமாட்டேன். நல்ல எதிர்வாதம். ஆனால் என் பேச்சுக்கு அதுவே இன்னும் வலுச் சேர்க்கிறது. ஜானகிராமின் சிற்பத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தால்தானே தகட்டை எப்படி மடித்தார், கம்பி எங்கே தொட்டு எங்கே விலகுகிறது என்று தெரியும்? சுவரோரம் வைக்க வேண்டியது எது, முற்றத்து நடுவில் வைக்க வேண்டியது எது என்பதை முடிவு செய்வதே பின்புறம்தான். யட்சியைச் சுவரில் சாய்க்க முடியாது. ஜானகிராமை நடு முற்றத்தில் நிறுத்தினால் பாதிப் பேர் பார்ப்பது சிற்பத்தின் முதுகை. இரண்டுமே உயர்ந்தவை, வைக்கும் இடம்தான் வேறு.

டீச்சருக்கு: நேக் சந்தின் தோட்டத்தில் ஒற்றை உருவத்தை மட்டும் பெயர்த்து வந்தால் அதில் பாதி போய்விடும். வரிசையாக, கூட்டமாக நிற்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. தனியே எடுத்தால் தாங்குமா, தாங்காதா என்று கேட்கப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பெரிய தொகுதி ஒன்றிலிருந்து ஒரே ஒரு துண்டை விற்பனைக்கு வைக்கிறவர்கள் உண்டு. அங்கே இந்தக் கேள்வி உதவும்.

---

கோவை வார்ப்படம்:

வணக்கமுங்க. எங்க குடும்பம் மூணு தலைமுறையா வார்ப்படத் தொழிலுங்க. பம்புக்கு வார்க்கறதுதான் பொழப்பு, இடையில சிற்பிகளுக்கும் வார்த்துக் குடுக்கறோம். வெண்கலம் வாங்கறேன்னு சொன்னதால இதை எழுதறேன். பார்த்துப் பழகற கண்ணு ரொம்ப முக்கியமுங்க, அதோட கூடக் கையும் பழகணும்.

சுவாமிமலை ஸ்தபதிகள் பண்றது கனவார்ப்பு, அதாவது உள்ள பொள்ளல் இல்லாம முழுசா உலோகம். மெழுகுல உருவம் பண்ணி, அது மேல காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காய வெச்சு, சூடேத்தி மெழுகை உருக்கி வெளியேத்திட்டு உலோகத்தை ஊத்துவாங்க. ஆறுனப்புறம் அந்த மண்ணு அச்சை உடைச்சுத்தான் சிலையை எடுக்கோணும். மெழுகும் போச்சு, அச்சும் போச்சு. அதனால ஒவ்வொண்ணும் ஒண்ணே ஒண்ணுதான்.

இன்னிக்கு ஸ்டுடியோ சிற்பிகள் பெரும்பாலும் பண்றது வேற முறைங்க. மூல உருவத்துக்கு மேல ரப்பர் அச்சு எடுத்துக்குவாங்க. அந்த அச்சுல இருந்து எத்தனை மெழுகு வேணும்னாலும் எடுக்கலாம். உள்ள பொள்ளலா, சில மில்லிமீட்டர் கனத்துல உலோகச் சுவரு இருக்கும். பெரிய உருவத்தைத் துண்டு துண்டா வார்த்துப் பத்தவெச்சுத் தேய்ச்சிடுவாங்க. இதுல தப்பு எதுவும் இல்லைங்க. ஆனா எத்தனை பிரதின்னு முதல்லயே எழுத்துல வாங்கிக்கோணும். 3/8னு பொறிச்சிருந்தா எட்டுல மூணாவது. அது போகக் கலைஞர் தனக்குன்னு எடுத்துக்கற பிரதிகள் இருக்கும். பிரான்சுல எண் போட்ட எட்டும் கலைஞருக்கான நாலும் சேர்த்துப் பன்னெண்டு வரைக்கும்தான் மூலப்படைப்புன்னு கணக்கு. நம்ம பக்கத்துல வாங்கறவங்கதான் கேட்டு எழுதி வாங்கிக்கோணும்: சிற்பி கையெழுத்து, வருஷம், பிரதி எண், வார்த்த பட்டறை, மொத்தம் எத்தனை, ரசீது.

சிலையைச் சாய்ச்சு அடிப்பக்கம் பார்க்க விடலைன்னா வாங்காதீங்க. பொள்ளல் வர்றதுக்காக வார்க்கும்போது உள்ள வெச்ச மண்ணுக் கரு வெந்து மிச்சம் இருந்தா அது ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். கருவை நிறுத்தறதுக்குச் சொருகின இரும்பு ஆணியை எடுக்காம விட்டிருந்தா, ரெண்டு மழைக்காலத்துல துருக்கறை வெளிய வந்துரும். பத்தவெச்ச கோட்டை வெயில்ல சாய்வாப் பாருங்க. நிறம் ஒரு பூச்சா மேல நிக்குதா, உலோகத்தோட கலந்திருக்குதான்னு அப்பத் தெரியும்.

---

தக்கலை நிழல்:

வார்ப்பட அண்ணாச்சி சொன்னதை அச்செடுத்து வைக்கணும்.

குமரி மாவட்டத்தில இருந்து எழுதுறேன். எங்க பக்கத்துப் பருவம் பத்மநாபபுரம் அரண்மனையில தொடங்கும். தமிழ்நாட்டு மண்ணுல இருந்தாலும் 1956க்குப் பிறகும் கேரள அரசு பராமரிக்கிற இடம். எல்லாரும் மர வேலைப்பாட்டையும் கறுத்து மினுங்குற தரையையும் பார்த்துட்டுப் போயிருவாங்க. வளாகத்திலேயே ஒரு அருங்காட்சியகம் இருக்கு. கற்சிலைகள், கல்வெட்டுகள், மரச்சிற்பங்கள். கூட்டம் அங்க வராது, ஆற அமரப் பார்க்கலாம். திங்கள்கிழமை விடுமுறை. அங்கிருந்து சிதறால் மலைக்குப் போங்க. பாறையிலேயே செதுக்கின சமணத் தீர்த்தங்கரர் வரிசை. ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டினது. மேல ஏறும்போது காத்து முகத்துல அடிக்கும். சின்ன உருவங்கள்தான். ஆனா பாறையோட பெருத்த சரிவுக்குக் கீழே அவ்வளவு சிறுசா செதுக்கிட்டு அமைதியா விட்டிருக்காங்களே, அந்தத் துணிச்சல் எனக்குப் பெருசு.

இதைச் சொல்ல வேற காரணமும் உண்டு. எங்க பக்கம் "பழைய வீட்டுல கிடந்த கல்லு, பழைய விளக்கு, பாவை" என்று காட்டுறவங்க வருவாங்க. சேகரிக்கிறவங்க தயவுசெய்து கவனமா இருங்க. 1972ஆம் ஆண்டுப் பழம்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில இருக்கு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம் பழம்பொருள். வெச்சிருக்கிறவர் பதிவு செஞ்சிருக்கணும், வியாபாரம் பண்ண உரிமம் வேணும், தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பதிவுச் சான்று இல்லாத கல்லு எந்தக் கோயில் சுவரில இருந்து வந்ததோ! அதை வீட்டுல வெச்சு ரசிக்க எப்படி மனசு வரும்? கோயில்ல இருக்க வேண்டியது கோயில்ல இருக்கட்டும். ரவிவர்மா ஓவியம் வயசு எதுவானாலும் கலைச்செல்வம்னு அறிவிக்கப்பட்டது, ஏற்றுமதிக்குத் தடை. அதைப் பார்க்கத் திருவனந்தபுரத்துல 1935இல் தொடங்கின ஸ்ரீசித்ரா கலைக்கூடத்துக்குப் பக்கத்துல ரவிவர்மாவுக்குன்னே தனிக் கலைக்கூடம் இருக்கு, போய்க் கண்ணாரப் பார்த்துட்டு வாங்க.

---

செங்கோட்டை மேடு:

தக்கலைக்காரர் சொன்னது ஒவ்வொரு வரியும் சத்தியம்.

நான் ஆரியங்காவு வழியா புனலூர், ஆயூர் கடந்து சடையமங்கலம் போய் ஜடாயுவைப் பார்த்தேன். 200 அடி நீளம், 150 அடி அகலம், 70 அடி உயரம். ராஜீவ் அஞ்சல் செய்தது, 2018இல் திறந்தாங்க. ஒரு சிறகு வெட்டுப்பட்டு மல்லாந்து கிடக்கிற பறவை. அளவு பிரமிக்க வைக்குது. ஆனா என் கண்ணுக்கு அது சிற்பத்தைவிடக் கட்டடத்துக்கு நெருக்கமா இருந்தது. உள்ளேயே போய் வரலாம்ங்கிறதால பார்வை வெளி வடிவத்துல தங்கவே மாட்டேங்குது. நகங்களும் கழுத்தும் மட்டும் மனசுல நின்னுச்சு.

அப்புறம் திருவனந்தபுரத்துச் சங்குமுகம் கடற்கரை. கானாயியோட சாகரகன்னிகைங்கிற கடற்கன்னிச் சிற்பம் அங்கதான். எண்பதடிக்கு மேல நீளமா, கடலைப் பார்க்கக் கிடக்கிறா. 2020இல் பக்கத்துல ஒரு பழைய ஹெலிகாப்டரைக் காட்சிக்கு வெச்சப்ப சிற்பி வெளிப்படையா எதிர்த்தார். அவர் பக்கம்தான் நான். சிற்பி செதுக்குறது கான்கிரீட்டை மட்டும் இல்லை, சுத்தி விட்டிருக்கிற வெற்றிடத்தையும் சேர்த்துத்தான். அவ கிடக்கிற மேடு, புல்வெளி, அடிவானம் எல்லாம் சிற்பத்தோட பகுதி. வீட்டுல வாங்கி வைக்கிறவங்களும் இதை நினைக்கணும். டிவிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் நடுவுல வெண்கலத்தை வெச்சா அதுவும் அதே கதைதான்.

---

சித்தூர்ப் புழையோரம்:

நான் நுண்கலை படிக்கிறேன், வயது குறைவு, கையில் காசும் குறைவு. கேட்கலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன். இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி பியன்னாலேவைப் பற்றி யாரும் பேசவில்லையே? 12.12.12இல் தொடங்கியதிலிருந்து எங்கள் தலைமுறைக்கு அதுதான் பள்ளிக்கூடம். மாமா கைபிடித்து 2014இல் அதன் முக்கிய அரங்கான ஆஸ்பின்வால் ஹவுஸுக்குப் போனேன். சிற்பி அனிஷ் கபூர் தரையில் ஒரு நீர்ச்சுழியை அமைத்திருந்தார். தண்ணீர் கறுத்துச் சுழன்று நடுவில் குழிந்து போய்க்கொண்டே இருக்கும். இரைச்சல் காலுக்குள் ஏறும். வெளியே சன்னலுக்கு அப்பால் கொச்சிக் காயல். 2016இல் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரித்தா ஒரு கூடம் முழுக்கக் கடல்நீரை நிரப்பியிருந்தார். அதற்குள் நடந்துதான் சுவரிலிருந்த கவிதையைப் படிக்க வேண்டும். சிரியப் போரிலிருந்து தப்பிக் கடலில் இறந்த ஒரு குழந்தைக்கான கவிதை. நனைந்த காலோடு வெளியே வந்தவர்கள் யாரும் உடனே பேசவில்லை.

இதையெல்லாம் யார் வாங்குவது, எங்கே வைப்பது? சேகரிப்பு என்ற சொல்லுக்கே இடமில்லாத கலையைத்தான் நான் அதிகம் நேசிக்கிறேன். அப்படியானவள் எதையாவது சேகரிக்கத் தொடங்கலாமா? எங்கிருந்து?

---

கொழிஞ்சாம்பாறைக்காரர்:

தயங்கவே வேண்டாம், தங்கச்சி. நீ கேட்டதுதான் இந்த இழையில் எனக்கு மிகவும் வேண்டிய கேள்வி. அந்த நீர்ச்சுழியை நானும் பார்த்தேன். அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது; ஆனால் அதற்குப் பிறகு நான் பார்த்த ஒவ்வொரு சிற்பத்திடமும் "உனக்குள் எங்கே இழுக்கிறது" என்று கேட்டிருக்கிறேன்.

கண்டிப்பாகத் தொடங்கு. உன் வகுப்புத் தோழர்களின் அச்சோவியங்களில் தொடங்கு. செதுக்குமர அச்சு, அமில அச்சு, லித்தோ என்னும் கல்லச்சு. எண்ணிட்டுக் கையெழுத்திட்ட பிரதி வாங்கு. சிற்பிகளின் கோட்டுப்படம் கிடைத்தால் விடாதே. சிற்பம் பிறக்கும் முன் கை எங்கே தடுமாறியது, எங்கே உறுதியானது என்று அதில் தெரியும். பின்னால் அட்டை வைக்கும்போது அமிலமற்ற அட்டைதான் வேண்டும் என்று பிரேம் கடையில் அடித்துச் சொல். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, இடையில் மவுண்ட் என்ற அட்டைச் சட்டம் இருக்கட்டும். நம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு வெளிச்சுவரில் தாளோவியம் மாட்டவே மாட்டாதே. பின்னாலிருந்து பூசணம் ஏறும். 2025 செப்டம்பரில் கலைப்படைப்புகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. ரசீதில் சரிபார்த்துக்கொள்.

செங்கோட்டை அண்ணாச்சி வெற்றிடம் பற்றிச் சொன்னது என்னை வங்கச் சிற்பி ராம்கிங்கர் பைஜிடம் கொண்டுபோகிறது. சாந்திநிகேதனில் 1938இல் அவர் செய்த சந்தால் குடும்பம் என்ற பழங்குடிக் குடும்பச் சிற்பம், சிமெண்டும் செம்பாறைப் பரலும் கலந்தது. உடைமைகளைச் சுமந்து நடக்கிற குடும்பம் அது நடந்துபோகிற மண்ணின் பரலாலேயே ஆனது. இன்றைக்கு அதற்கு மேலே கூரை போட்டிருக்கிறார்கள், காப்பாற்ற வேண்டியிருக்கிறதே. கான்கிரீட்டுக்கு ஆபத்து உள்ளேயிருந்து வருகிறது. விரிசலில் நீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால், துரு பருத்து மேல் பூச்சைத் தள்ளிவிடும். பொதுவெளிச் சிற்பங்களைப் பராமரிக்கக் குரல் கொடுப்பது நம்மைப் போன்றவர்கள் கடமை என்று நினைக்கிறேன். நம் கண்ணைப் பழக்கியவை அவைதானே.

என் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு இளம் சிற்பியிடம் ஒன்றரை அடி வெண்கலம் பேசியிருக்கிறேன். குந்தியிருக்கும் மூதாட்டி உருவம். சுற்றி நடந்து பார்த்தேன், நான்கு பக்கமும் நிற்கிறது. முதுகுதான் எல்லாவற்றையும்விட அழகு. வார்ப்பட அண்ணனிடம் ஒரு கேள்வி: நடு முற்றத்தில், திறந்த வானத்துக்குக் கீழே வைக்கலாமா?

---

கோவை வார்ப்படம்:

தாராளமா வைங்க. உங்க ஊரு மழை குறைஞ்ச பக்கம், கடல் உப்பும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல தூசிதான் அதிகம். பீடத்துக்கு ஒரே கருங்கல் போதும். சிலை உள்ள பொள்ளல்ங்கறதால அடியில தண்ணி வடிய ஒரு துளை இருக்கான்னு சிற்பிகிட்டக் கேளுங்க, பீடத்துலயும் அதுக்கு நேரா வழி விடுங்க. உருவம் குந்தியிருக்குதுன்னா பீடத்தை ரொம்ப உசத்தாதீங்க. முதுகு தெரியோணும்னா நிக்கிற ஆளோட இடுப்புக்குக் கொஞ்சம் மேல இருந்தாப் போதும்.

வருஷத்துக்கு ஒருக்கா, மழைக்கு முன்னால, வெறும் தண்ணியில கழுவிட்டு, வெயில்ல உலோகம் இளஞ்சூடானதும் மெழுகு பூசி மெத்துத்துணியில தேய்ங்க. பிராஸோ மாதிரி எதையும் தொடவே விடாதீங்க, நிறம் மொத்தமாப் போயிரும். வீட்டுல பாத்திரம் விளக்கறவங்ககிட்டயும் சொல்லி வைங்க. காக்கா எச்சம் அமிலமுங்க, அன்னன்னிக்கே கழுவிருங்க.

முற்றத்துக்கு மேல தென்னை சாஞ்சிருக்குதா? இருந்தா இடத்தை மாத்துங்க.

---

கொழிஞ்சாம்பாறைக்காரர்:

ஒன்று சாய்ந்திருக்கிறது. கிழக்குத் திண்ணைப் பக்கம் மாற்றிவிடுகிறேன். காலை வெயில் முதுகில் படும். அடித்துளை பற்றி இன்றைக்கே கேட்டு எழுதுகிறேன். டீச்சர், சிலை வந்ததும் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள்.